ஸ்டீயரிங் ஆட்டம்: பழைய கார்க்காரர்கள் கேட்டவை, அண்ணாச்சி சொன்னவை

புளியரை எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு, தென்மலை என்று இறங்கும் பழைய வண்டிகளைச் செங்கோட்டையில் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் ஸ்டீயரிங் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கார்புரேட்டர்காரர்கள் பொறுத்தருள்க.

செங்கோட்டை: அண்ணாச்சி, என்னுடைய மாருதி 800 பழைய வண்டி. ஸ்டீயரிங்கை மூன்று விரற்கடை திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. அலைன்மென்ட் செய்தும் பயனில்லை. ரேக்கையே (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் கம்பி) மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம், தம்பி. சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணத்தை அமைப்பதுதான் அலைன்மென்ட். தேய்ந்த மூட்டு, அமைத்த இடத்தில் நிற்காது. ஆட்டத்தைக் கண்டுபிடிக்காமல் அலைன்மென்டுக்குக் கொடுத்த காசு தண்டம்.

இஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதே பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சமாக ஆட்டட்டும். நீங்கள் முன்சக்கரத்தின் பின்னால் கைவிட்டு டை ராட் எண்டை, அதாவது ரேக்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் நுனி மூட்டை, உள்ளங்கையால் பொத்திப் பிடியுங்கள். நல்ல மூட்டென்றால் ராடும், அது பிடித்திருக்கும், சக்கரத்தைத் திருப்பும் ஆர்மும் ஒன்றாக நகரும். தேய்ந்ததென்றால் ராடு முந்திக்கொள்ளும், ஆர்ம் பின்தங்கும். அந்த இடைவெளி ‘டிக்’ என்று உள்ளங்கையில் தட்டும். கண்ணுக்குத் தெரியாததுகூடக் கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து ரேக்கின் ரப்பர் உறையை (பூட்) அமுக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் ராடின் உள்மூட்டான ரேக் எண்டை இதே போலப் பாருங்கள். பிறகு ஓட்டுநரின் காலடியில், ஸ்டீயரிங் கம்பி ரேக்கோடு சேரும் மூட்டு. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. இவை எல்லாம் இறுக்கமாக இருந்தால்தான் ரேக்கின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்; மறையாவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் பக்கம் தேடுங்கள். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது எதிர்ச் சக்கரமும் சேர்ந்து திரும்பினால் அது ஆட்டமாகாது. சக்கரம் அசைந்தும் ராடு அசையவில்லை என்றால்தான் ஆட்டம்.

ஆரியங்காவு: டை ராட் எண்ட் தேய்ந்திருப்பது தெரிந்துவிட்டது. நானே மாற்றலாமா? நட்டைக் கழற்றியும் மூட்டு வரவில்லை. சுத்தியலால் அடித்தேன், மரை நசுங்கிவிட்டது.

மாற்றலாம். ஆனால் அடித்த இடம்தான் தவறு. அந்தத் தண்டு கூம்பு வடிவில் ஆர்மின் துளைக்குள் கவ்வி உட்கார்ந்திருக்கிறது. மரையின் நுனியில் அடித்தால் தண்டுதான் கெடும், கவ்வல் விடாது. மூட்டை இழுத்துக் கழற்றும் புல்லர் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே உத்தமம். கிடைக்காவிட்டால் நட்டை நான்கைந்து மரை மட்டும் பிடித்திருக்க விட்டுவிட்டு, ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் ஓங்கி ஒரு தட்டு. தண்டைத் தொடவே கூடாது. கண் ஒரு கணம் நெளிந்து கொடுக்கும், மூட்டு ‘டப்’ என்று இறங்கிவிடும்.

அதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. எண்டை ராடோடு இறுக்கிப் பிடித்திருக்கும் லாக் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பழைய எண்ட் எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால் அலைன்மென்ட் கடை வரை வண்டி ஒழுங்காகப் போகும். அங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள், வண்டி டயரைத் தின்றுவிடும்.

நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்குத் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை அடுத்த வெட்டு வரை இறுக்குங்கள். துளைக்காகத் தளர்த்துவது கூடவே கூடாது. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு பின்னின் விலை ஒரு டீக்குக்கூட ஆகாது.

கடையநல்லூர், ஆசிரியை: எழுபது கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. எண்பதைத் தாண்டினால் நின்றுவிடுகிறது.

இது பெரும்பாலும் வீல் பேலன்ஸ், டீச்சர்; சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை. ஜூன் மழையில் மலைப்பாதையில் போய்வந்த வண்டியானால் ரிம்மின் உட்புறம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். முதலில் அதைக் கழுவிப் பாருங்கள், செலவே இருக்காது.

புனலூர்: அம்பாசடர். ஆட்டம் இருக்கிறதென்று மெக்கானிக் ரேக்கை இறுக்கினார். இப்போது வளைவில் திருப்பினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை.

அம்பாசடரில் இருப்பதும் ரேக்தான். ரேக் பல் நடுவில்தான் தேயும், ஏனென்றால் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க இறுக்கினால், தேயாத ஓரங்களில் அது கவ்விக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் திரும்பி வராத ஸ்டீயரிங்கைவிட, கொஞ்சம் ஆடும் ஸ்டீயரிங்கே மேல். இறுக்கியதை உடனே தளர்த்தச் சொல்லுங்கள். ஒரு கோடி முதல் மறு கோடி வரை ஸ்டீயரிங் எங்கும் பிடிக்காமல் திரும்ப வேண்டும்.

பிறகு கிரீஸ். அந்த வண்டி கிரீஸைக் குடித்தே வாழும் வண்டி. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் பாரத்தை எடுத்துவிட்டு, கிரீஸ் ஏற்றும் முனைகளான நிப்பிள்களில் அடியுங்கள். பாரத்தோடு அடித்தால் அழுத்தம் விழும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது. முதலில் துரு கலந்த பழுப்பு நிறத்தில் வரும், அது தண்ணீர் புகுந்த அடையாளம். புதிய நிறம் வரும்வரை நிறுத்தாதீர்கள். எந்த நிப்பிளாவது கிரீஸ் வாங்கவில்லையென்றால், ஸ்டீயரிங் திரும்பி வராததற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

தென்காசி: பிரீமியர் பத்மினியிலும் ஸ்டீயரிங் பாக்ஸை இறுக்கலாம் என்கிறார்களே?

புனலூர்க்காரருக்குச் சொன்னதேதான். இதில் இருப்பது ரேக் இல்லை, பற்களை உள்ளே அடைத்த பாக்ஸ்; என்றாலும் தேய்வது அதே நடுப்பகுதிதான். பாக்ஸைத் தொடுமுன் எதிர்ப்பக்கத்தில் திருப்பும் கம்பியைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் புஷ்ஷை (அச்சைச் சுற்றிய உள்வளையம்) பாருங்கள். குற்றவாளி அங்கே இருக்க, பாக்ஸ்தான் அடி வாங்குகிறது.

வண்டிப்பெரியாறு: எஸ்டேட் ஜீப். ஒரு குழியில் இறங்கினால் போதும், ஸ்டீயரிங் வெறிபிடித்தாற்போல் ஆடுகிறது. ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்குகிறது. ஆட்டத்தை அடக்கும் டேம்பர் போட்டால் சரியாகுமா?

டேம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. டயர்க் காற்று, வீல் பேரிங், டை ராட் எண்ட் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, கிங் பின்னுக்கு, அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சுக்கு, வாருங்கள். பழைய ஜீப்பில் கிங் பின் பேரிங்குக்கு ஓர் இறுக்கம் வேண்டும். அதை மேலும் கீழும் உள்ள ஷிம் என்ற மெல்லிய தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. பேரிங் தேயத் தேய இறுக்கம் போய்விடும், சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும். டை ராடைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசான எதிர்ப்பு இருக்க வேண்டும். விரலால் தள்ளினாலே ஓடினால் ஷிம் குறைக்க வேண்டும். பேரிங்கில் குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். நடுவில் திருப்பும் கம்பிகளை இணைக்கும் பெல் கிராங்க் உள்ள ஜீப்பானால் அதன் தண்டையும் பாருங்கள்.

புளியரை: பால் ஜாயிண்ட் கிடைக்கவில்லை. லேத் பட்டறையில் வெல்டிங் வைத்து, அழுத்திக் கொடுக்கிறேன் என்கிறார்கள். பாதி விலைதான்.

வேண்டாம். பம்பருக்கு வையுங்கள், கதவுக்கு வையுங்கள், ஸ்டீயரிங் பாகத்தில் வெல்டிங் கிடையாது. சூடு பட்ட இரும்பு எப்போது விடும் என்று வெல்டிங் வைத்தவருக்கும் தெரியாது. பாகம் வரும்வரை வண்டி நிற்கட்டும், பஸ்ஸில் போங்கள்.

அச்சன்புதூர்: பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு கீழே பிணைக்கும் கை) புஷ், மூன்றுமே தேய்ந்திருக்கின்றன. கையில் முழுப் பணம் இல்லை. எதை முதலில் மாற்றுவது?

பால் ஜாயிண்டும் டை ராட் எண்டும் முதலில், இரண்டையும் தள்ளிப்போட வழியில்லை. முன்னது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும், பின்னது கழன்றால் அந்தச் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. புஷ் ஒரு மாதம் பொறுக்கும், பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் இழுக்காமல் இருந்தால். பல வண்டிகளில் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது, அப்படியானால் புஷ்ஷும் கூடவே வந்துவிடும். கடையில் கேட்டுப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

செங்கோட்டை, இன்னொருவர்: சாலையில் கையை விட்டால் கார் மெல்ல இடப்பக்கம் போகிறது.

மழைநீர் வடிய நம் சாலைகள் இடப்பக்கம் சரிந்திருக்கும், மெல்லப் போவது இயல்பு. வேகமாக இழுத்தால் டயர்க் காற்றைப் பாருங்கள், பிறகு முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான்.

தென்மலை: மாருதி 800. முழுவதும் திருப்பி ஏற்றத்தில் ஏறினால் ‘டக் டக்’ என்ற சத்தம்.

அது ஸ்டீயரிங் இல்லை, டிரைவ் ஷாஃப்டின் வெளி மூட்டு. அதன் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும், பாருங்கள். சத்தம் வந்த பிறகு பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.