அம்மாவையும் அழைத்துக்கொண்டு பைக் ரேஸுக்குப் போகலாமா?

கேள்வி: தம்பி புதியவர்களுக்கான நோவிஸ் பிரிவில் பைக் ரேஸ் ஓட்டுகிறான். வார இறுதியில் குடும்பமும் நண்பர்களுமாகச் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் காரில் போய் வரலாமா? அம்மா பயப்படுவாரே?

தாராளமாகப் போகலாம். அம்மாவை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். என் அக்கா மகன் இதே நோவிஸ் பிரிவில் ஓட்டுகிறான். தாய்மாமன் என்ற முறையில் அவனுடைய பந்தயங்களுக்குத் திருச்சியிலிருந்து ஒரு பட்டாளத்தையே ஏற்றிக்கொண்டு போய் வருபவன் நான். உங்கள் தம்பியும் அம்மாவுக்குத் தெரியாமல்தான் பந்தய உரிமத்துக்கு விண்ணப்பித்திருப்பான், விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவரும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 ஆகஸ்டில் இதே தடத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தின்போது விழுந்து உயிரிழந்தான். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுதுவது நேர்மையாகாது. பிள்ளையைப் பெற்றவர்கள் அந்தச் செய்தியையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அவன் ஓட்டப்போகிறான் என்பது வீட்டில் முடிவான பிறகு, அம்மா ஊரில் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. அக்கா ஒரு பந்தயப் பருவம் முழுவதும் அப்படித்தான் இருந்தாள். பந்தயம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியை ஒப்படைத்து, அழைப்பதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

ஆகவே அடுத்த பருவத்தில் அவளையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினோம். என் காரில் அப்பா, அக்கா, என் மனைவி, மகள். பின்னால் வந்த வேனில் அவனுடைய நண்பர்களும், பட்டறை வைத்திருக்கும் எங்கள் தெருக்காரரும். விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு கடந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் இடப்பக்கம் திரும்பி ஒரகடம் வழியாகத் தடத்துக்கு அருகிலுள்ள திருப்பெரும்புதூர் சேர 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும். வழியெல்லாம் அப்பா சோழவரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் அது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்த பிறகுதான் சோழவரத்தின் கதை முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே போய் வெயிலில் நின்று பார்த்தவர் அவர். பேரன் ஓட்டுவதில் அவருக்கு இருந்த பெருமையைக் காட்டிக்கொள்ள அந்த இரவுதான் அவருக்கு வாய்த்தது. அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் அவளுடைய மனம் மாறத் தொடங்கியது. அதற்கு நான் சொன்ன எந்தச் சமாதானமும் காரணம் இல்லை, தடத்தில் நடந்த பரிசோதனைதான் காரணம். அதிகாரி ஒருவர் அவனுடைய ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் தரச்சான்று முத்திரையைப் பார்த்தார், உள்ளே விரலை விட்டுத் திணிப்பை அழுத்தினார், தாடைப் பட்டையை இழுத்துப் பார்த்தார். பிறகு தோல் உடையின் தையல், முதுகுக் கவசம், கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் என ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்துப் பையன் ஒருவனின் கையுறையில் தையல் விட்டிருந்ததால் வேறு கொண்டு வரும்படி திருப்பி அனுப்பிவிட்டார். வண்டிகளில் முகப்பு விளக்கு, கண்ணாடி, ஸ்டாண்ட் எதுவும் இல்லை. ஆயில் வடிக்கும் போல்ட் கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அது ஏன் என்று அக்கா கேட்டாள். ஒரு சொட்டு ஆயில் தடத்தில் சிந்தினாலும் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான் என்று பட்டறைக்காரர் விளக்கினார். அன்று அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி வண்டியை எல்லோருக்கும் கொடுத்து ஓட்டவிடும் பந்தயம் என்பதால் பணக்கார வீட்டுப் பையனுக்கு வேகமான வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. யார் எவ்வளவு தாமதமாக பிரேக் பிடிக்கிறார்கள், வளைவிலிருந்து எவ்வளவு சீக்கிரம் ஆக்ஸிலேட்டரைத் திறக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். பார்வையாளர் மேடையிலிருந்து பார்க்கும்போது வண்டிகள் கூட்டமாக நேர்ப்பாதையைக் கடந்து மறைந்துவிடும், மீண்டும் வர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவன் விழுந்தான். எங்களுக்கு அது தெரியாது. கூட்டம் திரும்பி வந்தபோது அவனுடைய எண் அதில் இல்லை. அக்கா எழுந்து நின்றுவிட்டாள். தூரத்து வளைவில் மஞ்சள் கொடி ஆடுவதைப் பட்டறைக்காரர்தான் முதலில் பார்த்தார். சிவப்புக் கொடி என்றால் பந்தயத்தையே நிறுத்திவிடுவார்கள், மஞ்சள் என்றால் அந்த இடத்தில் முந்தக் கூடாது என்று மட்டுமே பொருள், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று அவர் அவளிடம் நிதானமாகச் சொன்னார். சற்று நேரத்தில் மருத்துவர் பரிசோதித்து அனுப்ப, அவனே நடந்து வந்தான். அக்கா அவனுடைய முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். தோல் உடை அங்கே வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. உள்ளே சதையில் சிவப்புகூட இல்லை. முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது ஏன் ஒரு பக்கம் மட்டும் இப்படிச் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது என்று கேட்டாள். வளைவில் முழங்கால் தரையைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து ஓட்டுகிறோம் அம்மா, அதனால்தான் என்றான். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நாளைக்குப் புதிதாக மாட்டிக்கொள் என்றாள்.

இதைப் படிக்கும் சிலர், வேகத்துக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறீர்கள் என்று எழுதுவார்கள். உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இரவில் பாலத்தின் மேல் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி அடுத்தவன் உயிரை எடுப்பவர்களையும், மருத்துவச் சான்று கொடுத்து, உரிமம் பெற்று, ஆம்புலன்ஸும் மருத்துவரும் இடத்தில் இல்லாவிட்டால் பயிற்சிச் சுற்றைக்கூடத் தொடங்காத தடத்தில் ஓட்டுபவர்களையும் ஒரே தராசில் நிறுத்துவது பெரிய அநியாயம். எங்கள் பையன் தடத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் ஊர்ச் சாலையில் அடங்கி ஓட்டுகிறான். நண்பர்களில் ஹெல்மெட் பட்டையைப் பூட்டாமல் யாராவது வண்டியைக் கிளப்பினால் அவனே சாவியைப் பிடுங்கிக்கொள்கிறான். இதே சென்னையிலிருந்து போன பைக் பந்தய வீரர் சரத்குமார் 2011இல் 125சிசி உலகப் போட்டியில் ஓட்டினார் என்று சொன்னால், அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்கிற அதே உறவினர்கள்தான் எங்களுக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள்.

பயணத்துக்கு வருகிறேன். திருப்பெரும்புதூரில் முன்கூட்டியே அறை எடுத்துவிடுங்கள். தொப்பி, தண்ணீர், குழந்தைகளின் காதில் வைக்கப் பஞ்சு ஆகியவை கட்டாயம். ஆகஸ்ட், செப்டம்பரில் மதியம் சுட்டெரிக்கும், மாலையில் இடியோடு மழை வரும், நேர அட்டவணை அதற்கேற்பத் தள்ளிப்போகும். சிறுவர்களை, பந்தய வண்டிகள் வந்து நிற்கும் பிட் லேனுக்குள் விடமாட்டார்கள் என்பதை முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய் அழுவார்கள். தம்பி ஓட்டும் முன் கூட்டமாகச் சூழ்ந்து அறிவுரை சொல்ல வேண்டாம்; அம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசினால் போதும். ஞாயிறு கடைசிப் பந்தயமும் பரிசளிப்பும் முடிய மாலையாகிவிடும். இரண்டு நாள் வெயிலில் நின்ற அலுப்போடு இரவில் திருச்சி வரை ஓட்டக் கூடாது என்பதால் நாங்கள் அன்றும் தங்கி, திங்கட்கிழமை விடிந்த பிறகே கிளம்புகிறோம். நீங்களும் அந்த ஒரு நாள் விடுப்பை இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.