அமெரிக்காவில் தபாலில் வரும் ஸ்வீப்ஸ்டேக்ஸ் (காசு கட்டாமல் கலந்துகொள்ளும் குலுக்கல்) பரிசுக் கடிதங்களை நம்பலாமா? ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு?

கடிதம் உண்மையாக இருக்கலாம், பரிசும் உண்மையாக இருக்கலாம். அது உங்களுக்கு விழுவதுதான் கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

நியூஜெர்சியில் முப்பது வருஷமாக இருக்கும் என் சித்தப்பா சுத்த சைவம். ஆனால் அவர் வீட்டு டீப்பாயில் எப்போதும் ஒரு மீன்பிடி பத்திரிகை கிடக்கும். பரிசுக் கடிதத்தோடு விற்கும் சந்தாவில் வருவது. கேட்டால், "சந்தா கட்டினவன் கவரைத்தான்டா முதல்ல பிரிப்பான்" என்பார். அப்படி எதுவும் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு குலுக்கலில் பரிசு கொடுத்தால் அது லாட்டரி. அங்கே தனியார் அதை நடத்த முடியாது. அதனால்தான் எதையும் வாங்காமலே கலந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் பெயர், முகவரியைக் கையால் எழுதி அனுப்பினால் போதும். வாங்கினால் வாய்ப்பு கூடாது என்பதைக் கடிதத்திலேயே தெளிவாக அச்சடிக்க வேண்டும் என்று 1999-ல் சட்டமே வந்துவிட்டது. இதில் பெரிய பெயரான, தபால் வழியே பத்திரிகைச் சந்தா விற்றுவந்த பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ் நிறுவனம், வாங்கினால்தான் ஜெயிக்கலாம் என்று எண்ண வைத்ததாக எழுந்த புகாரில் 2023-ல் 1.85 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆக, சித்தப்பா ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

வாய்ப்பு எவ்வளவு என்பது விதிமுறைத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். அரசுகள் நடத்தும் பவர்பால் லாட்டரியின் முதல் பரிசுக்கே ஏறக்குறைய 29 கோடியில் ஒன்றுதான். இந்த நிறுவனத்தின் பெரிய பரிசுகளுக்கோ 600 கோடியில் ஒன்றுக்கும் கீழே போனதுண்டு. பரிசு ஒரு கோடி டாலர் என்றே வையுங்கள். 600 கோடியால் வகுத்தால் உங்கள் அட்டையின் மதிப்பு ஒரு சென்ட்டில் ஆறில் ஒரு பங்கு. அதைக் கவரில் போட்டு அனுப்ப ஒட்டும் ஸ்டாம்ப் 2025 ஜூலையிலேயே 78 சென்ட்! உள்ளூர்க் கடையோ ஒரு பிஸ்கட் கம்பெனியோ நடத்தும் சின்னப் போட்டி பரவாயில்லை. வரும் அட்டைகள் குறைவு.

சரி, மோசடிக்கு வருவோம். ஒருநாள் சித்தப்பாவுக்கு 4,850 டாலருக்கு அச்சு அசல் வங்கிச் செக் வந்தது. மேலே பொன்னிற முத்திரை. "பெரிய பரிசு விழுந்திருக்கிறது, இது முன்பணம். வங்கியில் போட்டுவிட்டு 2,900 டாலரை வரியாக அனுப்புங்கள்" என்று கடிதம். போட்டார். மறுநாளே கணக்கில் பணம் தெரிந்தது. அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்து செக் போலி என்று திரும்பியது. வங்கி தன் 4,850-ஐக் கழித்துக்கொண்டது. அனுப்பிய 2,900 போனது போனதுதான்.

கணக்கில் தொகை தெரிவதும் செக் பாஸாவதும் வேறு வேறு என்பது அங்கே பலருக்குத் தெரியாது. பரிசுக்கு வரி உண்மையிலேயே உண்டு. ஆனால் அதை நீங்கள் வருமானவரித் துறையிடம்தான் கட்டுவீர்கள். பரிசு தருகிறவனே வரி, சுங்கம், இன்சூரன்ஸ் என்று முன்பணம் கேட்டால், அதுவும் கிஃப்ட் கார்டாகக் கேட்டால், மேலே படிக்கவே வேண்டாம். நீங்கள் கலந்துகொள்ளாத போட்டியில் ஜெயித்ததாக வரும் கடிதமும் அப்படித்தான். கவரின் வலது மூலையில் 'பிரிசார்ட்டட் ஸ்டாண்டர்ட்' என்று இருந்தால் அது மொத்தமாக அனுப்பும் விளம்பரத் தபால். அதே "நீங்கள் மட்டும்" கடிதம் ஊருக்கே போயிருக்கும்.

நிஜமாகவே ஜெயித்தவர்கள் நிலைமையும் சுகமில்லை. பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ் 2025 ஏப்ரலில் திவால் மனு போட்டபின், ஆயுள் முழுக்க வரும் என்று நம்பிய சிலருக்குப் பணம் நின்றுபோனது.

பணம் போய்விட்டால் அன்றைக்கே வங்கியிலும், தபால் துறையின் புலனாய்வுப் பிரிவிலும் சொல்லுங்கள். சித்தப்பா வெட்கப்பட்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை ஏமாந்தவர் முகவரி கைமாறிக்கொண்டே இருக்கும் போல. இப்போதும் அவர் பெயருக்கு வாரம் நாலைந்து கவர் வருகிறது. சித்தி தபால் பெட்டியிலிருந்து எடுத்து, வாசலிலேயே கிழித்து ரீசைக்கிள் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.