எலும்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: வாசகர் கேள்வி – பதில்

பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300 எலும்புகள், பெரியவர்களுக்கு 206 என்று மகளின் பாடநூலில் இருக்கிறது. மீதி எங்கே போகிறது?
– மன்னார்குடி வாசகர்

எங்கேயும் போவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முதுகுத்தண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று 24 மட்டும் கடைசிவரை தனித்தனியாக நிற்கும். அவற்றுக்குக் கீழே உள்ள ஐந்தும் சேர்ந்து ஒரே திருவெலும்பு ஆகும். கடைசியில் உள்ள நான்கு வால் எலும்பாகிவிடும். ஆக 26.

நீண்ட எலும்புகளிலும் இதே கதைதான். தொடை எலும்பு நடுத்தண்டு, தலை, அடிமுனை, மேலே இரண்டு புடைப்புகள் என ஐந்து இடங்களில் தனித்தனியாக எலும்பாகத் தொடங்குகிறது. தண்டுக்கும் முனைக்கும் நடுவில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டில்தான் உயரம் கூடுகிறது. அது பெண்களுக்குப் பெரும்பாலும் 14–16 வயதிலும் ஆண்களுக்கு 16–18 வயதிலும் மூடிவிடும். மூடியபிறகு எந்தப் பவுடரைக் கலக்கிக் குடித்தாலும் உயரம் கூடாது. தோளையும் நெஞ்செலும்பையும் இணைக்கும் காறை எலும்பு மட்டும் விநோதம்: கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவதும் அதுதான், அதன் உள்முனை கடைசியாக, இருபதுகளில், ஒட்டுவதும் அதுதான். வயதை உறுதிசெய்ய எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவர்கள் இப்படி எது ஒட்டியிருக்கிறது, எது ஒட்டவில்லை என்றுதான் பார்க்கிறார்கள்.

206-ம் கல்வெட்டு அல்ல. சிலருக்குக் கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருக்கும். ஆனால் பரீட்சையில் 206 என்றே எழுதட்டும்.

ஐந்து மாதப் பேத்தியின் உச்சிக்குழி துடிக்கிறது. தொடவே பயமாக இருக்கிறது.
– நாகர்கோவில் வாசகி

துடிப்பு இயல்பானது. உள்ளே ஓடும் ரத்தத்தின் துடிப்புதான் தெரிகிறது. அடியில் உறுதியான சவ்வு இருப்பதால் மெல்லத் தொட்டு எண்ணெய் தடவினால் ஒன்றும் ஆகாது. தலையை உருட்டி வடிவம் பிடிப்பது மட்டும் வேண்டாம். முன் உச்சிக்குழி பெரும்பாலும் 9 முதல் 18 மாதங்களுக்குள் மூடும்.

வாந்தி, வயிற்றுப்போக்கோடு குழி உள்வாங்கி, சிறுநீரும் குறைந்தால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். அழாமல் நிமிர்ந்து இருக்கும்போதே குழி புடைத்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அழும்போது புடைப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

வயது 57. முழங்கால் வலிக்கு ‘எலும்பு தேய்மானம்’ என்றார்கள். இரண்டு ஆண்டுகளாகக் கால்சியம் மாத்திரை சாப்பிட்டும் வலி குறையவில்லையே, ஏன்?
– ஈரோடு வாசகி

‘எலும்பு தேய்மானம்’ என்ற சொல்லாலேயே வந்த வினை இது. இரண்டு வேறு நோய்களுக்கு நம் ஊரில் இந்த ஒரே பெயர்.

முழங்காலில் தேய்வது எலும்பு அல்ல, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குருத்தெலும்பு. அதற்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. ரத்தம் இல்லாததால் தேய்ந்தது சரியாக வளர்வதும் இல்லை. கால்சியம் மாத்திரை அதைத் திரும்ப வளர்க்காது. மூட்டின் சுமையைக் குறைப்பதுதான் பலன் தரும். எடை கூடுதலாக உள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்தபடி 5 எண்ணும்வரை நிறுத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலை மாலை இரு வேளை. தொடைத்தசை வலுத்தால் மூட்டு தாங்கும். சம்மணம், குந்தி உட்காருதல் இரண்டையும் குறையுங்கள். கைத்தடி பிடிப்பவர்கள் பலரும் வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். அது தவறு, எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

மற்றது எலும்புப்புரை. இதில் எலும்பே உள்ளுக்குள் ஓட்டை ஓட்டையாகிறது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்றபிறகு கரைப்பது முந்திக்கொள்கிறது. எலும்பு முறியும்வரை வலியே இருக்காது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் ‘டெக்சா’ ஸ்கேன் எடுத்தால் தெரியும். அதில் வரும் அடர்த்தி எண்ணான டி-ஸ்கோர் –2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. உங்கள் வயதுக்கு அந்த ஸ்கேனைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மாத்திரையை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 200 மி.லி. பாலில் சுமார் 240, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கிடைக்கும். உணவில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குத்தான் மாத்திரை. அட்டையில் ‘கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி.’ என்றிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மட்டுமே. அதைச் சாப்பாட்டோடு விழுங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கல் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒன்று என எழுதித்தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் எகிறிச் சிறுநீரகமே கெடலாம்.

ஒன்பது வயது மகனுக்கு முன்கை எலும்பு முறிந்து, மாவுக்கட்டு போட்டு இரண்டு நாள் ஆகிறது. கட்டைப் பிரித்து எண்ணெய்க் கட்டு போடச் சொல்கிறார்கள் உறவினர்கள்.
– திண்டுக்கல் வாசகர்

பிரிக்காதீர்கள். எலும்பை ஒட்டவைப்பது மாவும் அல்ல, எண்ணெயும் அல்ல. எலும்பு தானாகவே ஒட்டுகிறது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்பு உண்டாகி, பிறகு அது கெட்டிப்படுகிறது. எலும்பு விலகாமல் நேராகப் பிடித்துவைப்பது மட்டும்தான் கட்டின் வேலை. சிறுவர்களின் முன்கைக்குப் பொதுவாக 4–6 வாரம் போதும். பெரியவர்களின் கணுக்கால் எலும்புக்கு மேலுள்ள முன்கால் எலும்பு என்றால் மூன்று நான்கு மாதம்கூட ஆகும். இந்த வயதில் முறிவு, உயரம் கூடும் அந்தக் குருத்தெலும்புத் தட்டைத் தொட்டிருந்தால் எலும்பு கோணலாக வளரக்கூடும். அது எக்ஸ்ரேயில்தான் தெரியும், கையால் தடவிப் பார்த்தால் தெரியாது.

முதல் இரண்டு மூன்று நாள் கவனமாக இருங்கள். தலையணை வைத்துக் கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வையுங்கள். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்லுங்கள். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போவது, நீங்கள் விரலை நீட்டிவிட்டால் அலறுவது, விரல் மரத்துப்போவது, வெளுப்பது அல்லது நீலம் பாய்வது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். தசையைச் சுற்றியுள்ள உறை விரியாது. உள்ளே வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். இறுக்கமான மாவுக்கட்டானாலும் மூங்கில் பத்தை வைத்த கட்டானாலும் இந்த ஆபத்து ஒன்றுதான்.

அரிப்புக்காகக் கட்டுக்குள் பென்சில் விடக் கூடாது. கட்டு பிரித்ததும் முழங்கை விறைப்பாக இருக்கும்; அதைப் பிடித்து உருவிவிட வேண்டாம். அடிபட்ட தசையை உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்துவிடுவது உண்டு. அவனே மடக்கி நீட்டட்டும்.

சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வருமா?
– தூத்துக்குடி வாசகர்

வராது. மூட்டு நீரில் வாயுக் குமிழ் உண்டாகும் சத்தம் அது. அதனால்தான் ஒருமுறை எடுத்த விரலில் உடனே மறுபடி சொடக்கு வராது. சுமார் 20 நிமிடம் ஆகும். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகள் ஒரு கைக்கு மட்டும் சொடக்கு எடுத்து இரு கைகளையும் ஒப்பிட்டார். இரண்டிலும் வாதம் இல்லை. இதற்காக 2009-ல் அவருக்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. சத்தத்தோடு வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் எலும்பைப் பற்றி எளிதாக என்ன செய்து காட்டலாம்?
– எட்டாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

இரண்டு கோழிக்கால் எலும்புகளைச் சதை போகச் சுரண்டிக் கழுவு. ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூழ்கும்வரை வினிகர் ஊற்று. குமிழ் வரும் என்பதால் மூடியை இறுக்காதே. இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்று. ஐந்து முதல் ஏழு நாளில் எலும்பு ரப்பர் மாதிரி வளையும். மெல்லிய எலும்பாக இருந்தால் நன்றாகவே வளையும். வளையாவிட்டால் வினிகரைப் பழையதாகவே விட்டிருப்பாய், அல்லது எலும்பு தடிமனாக இருக்கும்.

மற்றொன்றைப் பெரியவர் ஒருவர் திறந்தவெளியில் கரி நெருப்பில் வெளுக்கும்வரை சுட்டுத் தரட்டும். ஆறியதும் விரலால் அழுத்தினாலே நொறுங்கும். வினிகர் கரைத்தது கால்சியம் உப்புகளை. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான், கடினம் அதிலிருந்து வருகிறது. நெருப்பு எரித்தது கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை. முறியாமல் தாங்கும் இழுவை அதிலிருந்து வருகிறது.

வளையும் எலும்பை முந்தின நாளே வெளியே எடுத்து வைத்துவிடாதே. காய்ந்தால் மறுபடி விறைத்துவிடும். நடுவர் வரும்வரை புட்டியிலேயே இருக்கட்டும்.