அசெட்டோ கோர்ஸாவில் ஹாட் ராட்: கேள்வி பதில்

அசெட்டோ கோர்ஸா என்ற கார் ஓட்டும் கணினி விளையாட்டுக்கு ஹாட் ராட் (பழைய காரை வெட்டி, எஞ்சின் மாற்றி, வேகமாக ஓடக் கட்டிய வண்டி) மாட், அதாவது ரசிகர்களே செய்து சேர்க்கும் கார், செய்வது பற்றியும், இறக்கிய மாட் கார்களைச் சரிப்படுத்துவது பற்றியும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கேள்விகள் 1932 ஃபோர்டு பற்றியவை, அதனால் உதாரணங்களும் அதிலிருந்தே.

அண்ணா, நான் இறக்கிய ஹாட் ராட் எல்லாமே பார்க்கப் பிரமாதம். ஓட்டினால் மட்டும் இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கிறது. என்ன குறை?

வேறு ஏதோ ஒரு காரின் டேட்டா ஃபோல்டரை (கார் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்புகள்) அப்படியே எடுத்து, அதன்மேல் 1932 ஃபோர்டின் உடலைப் போர்த்தியிருப்பார்கள் தம்பி. நிஜ வண்டியில் முன்னால் ஐ-பீம் அச்சு, அதன்மேல் குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். பின்னாலும் திட அச்சு, அங்கேயும் குறுக்கு லீஃப் ஸ்பிரிங்தான். ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் மறுபக்கச் சக்கரமும் சாயும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி லேசாக அலையும். அந்த அலைச்சலைச் சரிசெய்துவிட்டால் ஹாட் ராடே போய்விடும்.

சஸ்பென்ஷன் கோப்பைத் திறந்து பின்பக்கம் எந்த வகை என்று பாருங்கள். டபுள் விஷ்போன் (சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் வகை) என்று இருந்தால் ஆக்ஸில் (திட அச்சு) என்று மாற்றி, அச்சைப் பிடித்திருக்கும் லிங்க்குகளைப் புதிதாக எழுதுங்கள். வீல்பேஸ் 106 அங்குலம், கோப்பில் மீட்டரில் 2.692 என்று வரவேண்டும். அப்புறம் டயர். அந்தக் காலத்து பயாஸ் பிளை (உள் இழைகள் சாய்வாகக் குறுக்கிடும்) டயருக்குப் பிடி குறைவு. ஆனால் ரேடியல் டயரை விடப் பெரிய ஸ்லிப் கோணத்தில்தான் (டயர் பார்க்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் உள்ள கோணம்) அதன் பிடி உச்சத்துக்கு வரும், அதன்பிறகும் மெதுவாகத்தான் விடும். ஆகவே பக்கவாட்டுப் பிடியைக் குறைப்பதோடு அந்த உச்சக் கோணத்தைச் சொல்லும் ஃபிரிக்ஷன் லிமிட் ஆங்கிளையும் கூட்ட வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால், ஈரத் தரையில் ஓடும் நவீன கார்தான் கையில் கிடைக்கும்.

எந்த எஞ்சின் போடலாம்? ஃபிளாட்ஹெட்டா (ஃபோர்டின் பழைய வி8), ஷெவி (ஷெவர்லே) வி8-ஆ?

அதற்கு முன் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்: உங்கள் ஹாட் ராட் எந்த வருஷத்தில் கட்டப்பட்டது? நான் எந்த வேலையையும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். வண்டி 1932-ஆக இருக்கலாம், ஆனால் அதைக் கட்டிய வருஷம்தான் எஞ்சின், பிரேக், டயர், பெயின்ட் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

1940-களின் கடைசியில், கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியில் ஓடியது போல ஒன்று வேண்டுமென்றால் ஃபிளாட்ஹெட். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது 221 கன அங்குலம், ஏறக்குறைய 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். அதன்மேல் இரண்டு மூன்று கார்புரேட்டர், உயர் அழுத்த ஹெட், வேறு கேம்ஷாஃப்ட் என்று ஏற்றிக்கொண்டே போகலாம். ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 வந்ததே 1955 மாடலில்தான், 265 கன அங்குலத்தில். ஆக, 1949-இல் கட்டியது என்று விவரக் குறிப்பில் எழுதிவிட்டு பானெட்டுக்குள் ஸ்மால் பிளாக் வைத்தால் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

பிரேக்கும் அப்படித்தான். 1932-இல் கம்பியால் இழுக்கும் மெக்கானிக்கல் டிரம். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939 மாடலில். அந்த 1939 பிரேக்கைக் கழற்றி 1932-இல் மாட்டுவது ஹாட் ராட்காரர்களின் பழைய வழக்கம். அதைத் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அதுவும் டிரம்தான். டிஸ்க் பிரேக் காரிலிருந்து எடுத்த டார்க் (முறுக்கு விசை) எண்ணை அங்கே விட்டுவைக்காதீர்கள்.

பவர் கோப்பில் என்ன எண்களைப் போடுவது சார்? குதிரைத்திறன் மட்டும்தான் கிடைக்கிறது.

குதிரைத்திறனை 7121-ஆல் பெருக்கி ஆர்பிஎம்-ஆல் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் டார்க் வரும். 65 குதிரைத்திறன், 3400 ஆர்பிஎம் என்றால் அந்த இடத்தில் 136. ஃபிளாட்ஹெட்டின் டார்க் கீழ் ஆர்பிஎம்மில்தான் அதிகம், மேலே போகப் போகச் சரியும். உங்கள் டார்க் கோடு அதற்கு நேர்மாறாக ஏறிக்கொண்டே போனால் ரேஸ் எஞ்சின் ஒன்றின் கோப்பைக் கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, கியர்பாக்ஸிலும் அச்சிலும் ஏற்படும் இழப்பை விளையாட்டு தனியாகக் கழிப்பதில்லை. நீங்களே கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

6-71 சூப்பர்சார்ஜரை டர்போ பகுதியில் எழுதினால் மிதித்தபிறகு தாமதமாக வேகம் எடுக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

டர்போ பகுதியை அழித்துவிடுங்கள். 6-71 என்பது ஜிஎம்சி டீசல் எஞ்சினிலிருந்து வந்த, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ரூட்ஸ் புளோயர், பெல்ட்டால் கிராங்கோடு நேராகச் சுற்றுவது. அதில் காத்திருப்பே கிடையாது. கூடுதல் அழுத்தம் தரும் டார்க்கை பவர் கோப்பிலேயே சேர்த்து எழுதுங்கள், மிதித்ததும் வரும்.

ஃபிளாட்ஹெட் சத்தத்துக்கு வேறொரு வி8 பதிவைப் பயன்படுத்தலாமா?

கூடாது என்றுதான் சொல்வேன். ஃபிளாட்ஹெட்டில் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் வெளியேறும் வழி மூன்றுதான். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வண்டிக்கே உரிய கொப்பளிக்கும் சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஸ்மால் பிளாக் பதிவின் சுருதியைக் குறைத்தால் அது வராது. நிஜ ஃபிளாட்ஹெட் வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டு, ஐடிலிலும் பல ஆர்பிஎம்களிலும் தனித்தனியாகப் பதிவு செய்து வாங்குங்கள். நல்ல பதிவு கிடைக்கும்வரை காரை வெளியிடாமல் வைத்திருந்தாலும் தப்பில்லை.

பிளெண்டரில் (முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருள்) கூரையை வெட்டி இறக்கினேன், தூண்கள் கூரையோடு சேரவில்லை.

சேராது. நிஜத்தில் வெட்டுகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். தூண்கள் உள்பக்கம் சாய்ந்திருப்பதால், நடுவில் மூன்று அங்குலத்தை எடுத்தால் கீழ்ப்பாதியின் முனைகள் வெளியே நிற்கும், மேல்பாதியின் முனைகள் உள்ளே நிற்கும். கூரையைக் குறுக்கே வெட்டி நீளமாக்கலாம், அல்லது தூண்களைச் சாய்க்கலாம். கூரை முழுவதையும் ஸ்கேல் செய்யாதீர்கள், ஜன்னல் வளைவுகள் எல்லாம் நசுங்கிவிடும். 1932 கூப்பேயில் தூண்கள் ஓரளவு நிமிர்ந்திருக்கும், அதனால் வேலை சுலபம். 1934-இல் சாய்வு அதிகம், அங்கே பொறுமை வேண்டும்.

கூரையை இறக்கியதும் ஓட்டுநரின் கண் உயரத்தையும் சரிபாருங்கள். காக்பிட் பார்வையில் தகரம் மட்டும் தெரியும் கார்கள் நிறைய உலவுகின்றன.

சக்கரங்கள் சுற்றும்போது முட்டை வடிவத்தில் ஆடுகின்றன.

சக்கரத்தின் பிவட் (அது சுழலும் புள்ளி) அதன் நடுவில் இல்லை. பிளெண்டரில் ஆரிஜினை மையத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

ஃபோர்ஸா ஹொரைசன் விளையாட்டில் இருக்கும் 1932 ஃபோர்டு மாடலை எடுத்துப் பயன்படுத்தினால் என்ன? எல்லோரும் செய்கிறார்களே.

செய்யாதீர்கள். அது அந்த ஸ்டுடியோ கலைஞர்களின் உழைப்பு, உரிமையும் அவர்களுடையது. அதோடு, ஹாட் ராட் என்பதே கையால் வெட்டி ஒட்டிச் சொந்தமாகக் கட்டுவது. அதைத் திருடிய மாடலில் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மாடல் செய்யத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரோடு சேருங்கள், நீங்கள் ஃபிசிக்ஸை எழுதுங்கள்.

பீம்என்ஜி டிரைவ் விளையாட்டில் செய்வது இதைவிடச் சுலபமா?

சுலபமில்லை, ஆனால் திட அச்சுகளுக்கு அது அருமையான இடம். அங்கே சஸ்பென்ஷன் வகை என்று எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. நோடுகளையும் (எடையுள்ள புள்ளிகள்) பீம்களையும் (அவற்றை இணைக்கும் கோடுகள்) வைத்து அச்சையே கட்டுகிறோம். நொடிக்கு 2000 முறை கணக்கிடுவதால் அச்சின் குலுக்கல் தானாகவே வந்துவிடுகிறது. லேசான நோடுகளில் விறைப்பான பீம்களைக் கட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே வெடித்துச் சிதறும். அப்போது விறைப்பைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் நோடுகளின் எடையைக் கூட்ட வேண்டும்.

நண்பர்களோடு ஆன்லைனில் ஓட்டப் போனால் சர்வர் என்னை மட்டும் வெளியே தள்ளுகிறது.

உங்களிடம் இருக்கும் டேட்டா கோப்பும் சர்வரில் இருக்கும் டேட்டா கோப்பும் வேறு வேறாக இருக்கும். மேலே சொன்னபடி டயர் எண்ணை நீங்கள் மாற்றியிருந்தால் அதுவே காரணம். மாற்றிய காரை வேறு ஃபோல்டர் பெயரில் தனியாக வையுங்கள், சர்வருக்கான அசலைத் தொடாதீர்கள். எல்லோருக்கும் புதிய பதிப்பு வேண்டுமென்றால், சர்வர் நடத்துபவர் உட்பட எல்லோரும் ஒரே ஜிப் கோப்பிலிருந்து நிறுவ வேண்டும்.