எலும்புப்புரையும் பரம்பரையும்: கேள்வி பதில்

சுதா (44): அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம். எனக்கும் வருமா?

எந்தத் தேய்மானம்? முழங்காலில் குருத்தெலும்பு தேய்வது மூட்டுவாதம். எலும்புப்புரை வேறு. அடர்த்தி உள்ளுக்குள் குறையும், முறியும்வரை வலிக்காது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பெலும்பு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்தாண்டு முறிவு வாய்ப்பைச் சொல்லும் ஃப்ராக்ஸ் கணிப்பானும் இதையே கேட்கிறது.

மீனாட்சி: 70% பரம்பரை என்றால் நடைப்பயிற்சி வீண்தானே?

இல்லை. இரட்டையர் ஆய்வுகள் தரும் 50–80% என்பது பெண்ணுக்குப் பெண் அடர்த்தி வேறுபடுவதில் மரபின் பங்கு. உங்கள் எலும்பில் அத்தனை சதவீதம் தலையெழுத்து என்று பொருளில்லை.

கவிதா: ஜீன் டெஸ்டில் விடிஆர் ஜீன் (வைட்டமின் டி ஏற்பிக்கான ஜீன்) 'ஆபத்து' என வந்திருக்கிறது. மாத்திரை தொடங்கலாமா?

வேண்டாம். விடிஆர்தான் எலும்பு அடர்த்தியைத் தீர்மானிக்கிறது என்ற 1994 ஆய்வு பெரும் பரபரப்பானது. 1997இல் அதே குழு ஜீன் வகைப்படுத்தலில் பிழை என்று திருத்தம் வெளியிட்டது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளிலும் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. 2019இல் யுகே பயோபேங்க் என்ற பிரிட்டன் மருத்துவத் தரவகத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, எலும்பு அடர்த்தியோடு தொடர்புள்ள 518 மரபிடங்களைக் கண்டார்கள். அத்தனையும் சேர்ந்து விளக்கியது அடர்த்தி வேறுபாட்டில் சுமார் 20%. அவர்கள் ஐரோப்பிய வம்சத்தவர். அந்த மரபிடங்களைக் கூட்டிப் போடும் ஆபத்து மதிப்பெண் நம் பெண்களுக்கு அப்படியே பொருந்தாது.

கவிதா: ஒரே ஜீன் எலும்பையே மாற்றும் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் அரிது. எல்ஆர்பி5 ஜீனின் இரு படிகளும் செயலிழந்தால் குழந்தையிலேயே எலும்பு முறியும், பார்வையும் போகும். அதே ஜீன் மிகையாக இயங்கினால் எலும்பு அசாதாரணமாக இறுகும். ஸோஸ்ட் (SOST) ஜீன் பழுதால் எலும்பு தடிப்பவர்களைப் பார்த்துத்தான் எலும்பை வளர்க்கும் ரோமோசோசுமாப் ஊசி பிறந்தது.

இளவயதில் லேசாக விழுந்தே பலமுறை முறிவு, நீலம் பாய்ந்த விழிவெண்மை, காது மந்தம் இருந்தால் மரபியல் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அறிக்கையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி தொடர்ந்து குறைவா? ஹைப்போபாஸ்பட்டேசியா (அந்த நொதி குறைந்து எலும்பு சரியாக இறுகாத அரிய மரபுநோய்) இல்லை என்று உறுதியாகும்வரை எலும்புப்புரை மாத்திரையான அலெண்ட்ரோனேட் வேண்டாம். அந்நோயில் அது தொடையெலும்பு முறிவை வரவழைக்கலாம். எல்லோரும் அதிகமா என்றுதான் பார்க்கிறார்கள், குறைவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ரேவதி: அக்காவுக்கு இருக்கிறது, எனக்கும் வருமா?

சுதாவுக்கான பதிலைப் படியுங்கள்.

ஜெயா (32): முகாமில் குதிகால் ஸ்கேன், டி-ஸ்கோர் −2.6.

குதிகால் அல்ட்ராசவுண்டு நோயறிய உதவாது. தேவையென மருத்துவர் சொன்னால் இடுப்பு, கீழ்முதுகில் டெக்ஸா என்ற எக்ஸ்ரே அடர்த்தி ஸ்கேன் எடுங்கள். மாதவிடாய் நிற்காதவருக்கு, இளவயது ஆரோக்கியமானவரோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் அல்ல, சம வயதினரோடு ஒப்பிடும் ஸெட்-ஸ்கோர். அது −2 அல்லது அதற்கும் கீழே என்றால் தைராய்டு, சிலியாக் (கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்), ஸ்டீராய்டு எனக் காரணம் தேட வேண்டும்.

வாணி: அம்மாவுக்கும் தேய்மானம்…

மூட்டா, எலும்பா? முதல் பதில்.

லதா (67): எலும்புப்புரைக்கு டெனோசுமாப் ஊசி போட்டு ஏழு மாதம். அடுத்தது ஜீன் டெஸ்ட் பார்த்துப் போடலாமா?

டெஸ்ட் வேண்டாம், ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்! ஆறு மாத மருந்து அது. ஏற்கெனவே தாமதம். இடையில் விட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கலாம். இன்றே உங்கள் மருத்துவரை அழையுங்கள்.