கடலில் இறங்கும் பெண்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குப் பாம்பன் பக்கம். அம்மாவும் அக்காவும் கடலில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். அப்பா விசைப்படகில் போகிறார். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அவர் வீட்டில் இருக்க, நான் நூலகப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளினேன். விமர்சனம் எழுதத் தெரியாது, தோன்றியதைச் சொல்கிறேன். ‘புயலிலே ஒரு தோணி’யில் தொங்கான் என்கிற சரக்குத் தோணி புயலில் மாட்டும் பகுதியை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “எழுதினவர் கடல்ல கிடந்தவர்தான்” என்றார். ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’: 84 நாள் மீன்படாதவருக்குச் சாப்பாடு யார் போட்டது? ‘அக்னிச் சிறகுக’ளில் ராக்கெட்டெல்லாம் மறந்துவிட்டது, ஓடும் ரயிலிலிருந்து விழும் பேப்பர் கட்டு மட்டும் நிற்கிறது. உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ பாதியில் நிறுத்திவிட்டேன், பெயர்களாக வருகின்றன. ‘செம்மீன்’ படித்து அழுதேன், அப்புறம் கோபம் வந்தது. கரையில் மனைவி ஒழுங்காக இருந்தால் கடலில் புருஷன் பிழைப்பானாம். எங்கள் ஊரில் பெண்களே கடலில் இறங்குகிறார்கள். அவர்களுக்காகக் கரையில் யார் ஒழுங்காக இருக்க வேண்டும்?

பாம்பனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்வி மூன்று நாளாக என்னை விடவில்லை. நான் ‘செம்மீன்’ படித்தபோது எனக்கு இருபது வயது. தகழி மலையாளத்தில் 1956இல் எழுதியது, சுந்தர ராமசாமியின் தமிழில் படித்தேன். ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு விடியும்வரை தூக்கமில்லை. தேவிபட்டினத்துக் கடற்கரையில் வளர்ந்தவன் நான். பாசிக்குப் போகும் பெண்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சேலைக்கு மேல் ஆண்சட்டை, விரல்களில் துணிச் சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் கையைக் கிழித்துக்கொண்டு எழுந்து வருவார்கள். அவ்வளவும் பார்த்திருந்தும் உங்கள் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. நாயகி கருத்தம்மாவுக்காக அழுதேன், அவ்வளவுதான்.

தகழி அந்த நம்பிக்கையைச் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை என்பது உண்மை. மகளுக்குத் தாய் சொல்லும் கதையாக அது வருகிறது. கருத்தம்மாவின் ஒவ்வொரு நாளையும் அதுதான் இறுக்குகிறது. அந்த இறுக்கத்தை எழுதியதில்தான் நாவலின் பலம். ஆனால் முடிவில் அவள் கணவன் பழனியைச் சுழலுக்குள் இழுத்துக்கொண்டு போகும்போது கதையே அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. இதில் நான் உங்கள் பக்கம். உங்கள் அம்மாவும் அக்காவும் கடலிலிருந்து எழுந்து வரும் வீட்டில் இருந்து படித்ததால்தான் அந்த இடம் உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. பக்கம் பக்கமாக எழுதிய விமர்சனங்கள் பலவற்றில் இந்த உறுத்தலை நான் பார்த்ததில்லை.

இதோடு அகநானூற்றின் 70ஆம் பாட்டையும் படித்துப் பாருங்கள், நம் கரைப் பாட்டு. பரதவர் அயிலை மீனைப் பங்கு போடும் சிற்றூர். ஒரு பெண்ணின் காதலைப் பற்றி ஊர்ப் பெண்கள் தூற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கல்யாணம் ஆனதும் பேச்சு அடங்குகிறது. எப்படி அடங்குகிறது? கோடிக் கரையில், பலரும் தனுஷ்கோடி என்று கொள்ளும் இடத்தில், இராமன் ஆலோசனை செய்தபோது ஆலமரத்தின் இரைச்சல் நின்றதே, அப்படி. கடற்கரை ஊரின் வாய்க்கு ஒரு பெண் அகப்படுவது அன்றைக்கும் இருந்திருக்கிறது.

கிழவருக்குச் சாப்பாடு: அவரோடு முன்பு கடலுக்குப் போன பையன் கொண்டுவருகிறான், உணவுக்கடைக்காரர் மார்ட்டின் கொடுத்தனுப்புகிறார். சின்ன இடம், கண்ணில் படாமல் போயிருக்கும். மீன் ஏலக்கடையில் கடன் பார்த்து வளர்ந்தவர்தான் இதைக் கேட்பார்.

‘என் சரித்திர’த்தில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெயர்களாக வருகின்றன என்கிறீர்கள், சரி. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதிக்கு நேராகப் போங்கள். உ.வே.சா. தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அத்தனை வருஷப் படிப்பும் அந்த நிமிஷத்தில் ஆட்டம் காண்கிறது. 1887இல் சிந்தாமணி அச்சில் வருவதற்கு விதை அங்கேதான் விழுந்தது. முன்னால் வந்த பெயர்களெல்லாம் எதற்கு என்று அப்போது தெரியும். தயவுசெய்து இன்னொரு முறை எடுங்கள்.

அப்புறம் உங்கள் அப்பா சொன்னது. ‘புயலிலே ஒரு தோணி’ எழுதிய ப. சிங்காரம் மீன்பிடிக்கப் போனவரில்லை. இளவயதில் பிழைப்புக்காக இந்தோனேசியா போய்த் திரும்பியவர். பிறகு மதுரையில் நாளிதழ் வேலை. நாவல் பல வருஷம் காத்திருந்து 1972இல்தான் புத்தகமாக வந்தது. ஆனாலும் கடலுக்குப் போகிற ஒருவர் அப்படிச் சொன்னார் என்பதைச் சிங்காரம் கேட்டிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: எந்த வரியில் அவருக்கு அப்படித் தோன்றியது? காற்றைச் சொன்ன இடத்திலா, ஆட்கள் பேசிக்கொள்ளும் இடத்திலா?

அன்புடன்,
அண்ணன்