புரசைவாக்கத்தில் பெரிய வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெரம்பூரில் 650 சதுர அடி வாடகை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் வேப்பேரியில் படிக்கிறார்கள். மாமியாருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. புரசைவாக்கத்தில் 1997-இல் கட்டிய, எட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பின் இரண்டாவது மாடியில் மூன்று படுக்கையறை வீடு ஒன்று 1 கோடியே 30 இலட்சத்துக்கு வருகிறது. 1,450 சதுர அடி என்கிறார்கள். லிப்ட் இல்லை. “அந்தச் சந்தடியில் யார் குடியிருப்பார்கள், அதே பணத்துக்கு ஊருக்கு வெளியே புது வீடே வாங்கலாம்” என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: சந்தடியைப் பற்றி உறவினர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தடிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளாளர் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு கங்காதீசுவரர் கோயில் வரை நடந்தால், தமிழோடு தெலுங்கும் உருதும் குஜராத்தியும் மார்வாடியும் காதில் விழும். கொஞ்சம் தள்ளி வேப்பேரிக்குப் போனால் பழைய ஆங்கிலோ-இந்தியத் தேவாலயங்களும் சமணர் கோயில்களும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. பள்ளி, மருத்துவமனை, துணிக்கடை, நகைக்கடை, தையல்காரர் எல்லாம் நடக்கிற தூரத்தில் அமைந்த இப்படிப்பட்ட பேட்டைகள் சென்னையில் குறைவு. ஊருக்கு வெளியே போனால் உங்கள் பிள்ளைகள் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தைப் பேருந்திலோ வேனிலோ கழிக்க நேரிடலாம். அந்த நேரமும் வீட்டின் விலையில் சேர்ந்ததுதான். ஆகவே இடத்தைப் பொறுத்தவரை என் வாக்கு புரசைவாக்கத்துக்கே. வீட்டைப் பொறுத்தவரை சில கேள்விகளுக்கு விடை தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த 1,450 சதுர அடி. பழைய பத்திரங்களில் எழுதியிருக்கும் பரப்பில் பெரும்பாலும் படிக்கட்டு, நடைபாதை, சுவர் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்தே இருக்கும். நான் முதன்முதலில் வாங்கிய வீட்டுக்குப் பத்திரத்தில் 1,200 சதுர அடி என்று போட்டிருந்தது. குடிபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து அறை அறையாக அளந்து பார்த்தபோது 880-தான் வந்தது. கட்டிக் கொடுத்தவரிடம் கேட்டதற்கு, “எல்லாரும் இப்படித்தான் சார் கணக்குப் போடுவார்கள்” என்று மட்டும் சொன்னார். அன்று முதல் யார் வீடு பார்க்கப் போனாலும் டேப் ஒன்றை எடுத்துப்போகச் சொல்கிறேன். படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்றால் காகிதத்தில் பெரிதாகத்தான் தெரியும். ஆறரை அடிக்கு ஆறடி கட்டிலையும் இரண்டடி ஆழமுள்ள பீரோவையும் போட்ட பிறகு, பீரோக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் நிற்க இடம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். மாமியாரின் அறையிலிருந்து குளியலறைக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பிரிபடாத மனைப் பங்கு (யுடிஎஸ்), அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கு. இதை நீங்கள் குறிப்பிடவே இல்லை, ஆனால் பழைய அடுக்ககத்தின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. மனை இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், எட்டு வீடுகளும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் சுமார் 600 சதுர அடி வர வேண்டும். சில குடியிருப்புகளில் எல்லாப் பங்குகளையும் கூட்டினால் மனையின் அளவு வராது. மீதியை நில உரிமையாளரோ கட்டியவரோ தம் பெயரில் நிறுத்தி வைத்திருப்பார். எட்டுப் பத்திரங்களின் பங்குகளையும் கூட்டிப் பார்க்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். 2024 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். உங்கள் குடியிருப்பில் அது ஆறு பேர். அந்த நாள் வரும்போது உங்கள் பேரத்துக்கு ஆதாரமாக நிற்கப்போவது இந்த மனைப் பங்குதான்.

பணக் கணக்கையும் பாருங்கள். 75 இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடன்களில், ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கி வீட்டின் மதிப்பில் 75 சதவீதம் வரைதான் தரலாம். 1.30 கோடிக்கு அது 97.5 இலட்சம். மீதி 32.5 இலட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். மறுவிற்பனை வீடு என்பதால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 11.7 இலட்சம் ஆகும். இதற்குப் பொதுவாகக் கடன் கிடைக்காது. ஆக 44 இலட்சத்துக்கு மேல் ரொக்கம் தேவை. வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்துக்குக் குறைவாக மதிப்புப் போட்டால் இது இன்னும் கூடும். அதனால் கடன் எவ்வளவு கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே விற்பனை ஒப்பந்தம் போடுங்கள். விலை 50 இலட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீதத்தை, அதாவது 1.3 இலட்சத்தை, விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்து பிடித்து வருமான வரித் துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு வட்டியும் அபராதமும் கட்டுகிறார்கள்.

தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, அனுமதிக்கப்பட்ட வரைபடம், சொத்து வரி ரசீது ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மழையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஓட்டேரி நல்லாக் கால்வாயை ஒட்டிய பட்டாளம், புளியந்தோப்புப் பக்கம் தாழ்வான பகுதி. உங்கள் தெரு எப்படி என்பதை, 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கீழ்த்தளத்தில் குடியிருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சுவரில் கைவைத்தே காட்டுவார். மாதவரம்–சிறுசேரி சிப்காட் மெட்ரோத் தடத்தில் புரசைவாக்கத்துக்கும் கெல்லீஸுக்கும் சுரங்க நிலையங்கள் திட்டமிடப்பட்டுள்ளன. அந்த வேலை நடக்கும் சாலை எது, உங்கள் வீட்டுக்கு வண்டி எந்தப் பக்கமாக வரும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக மாமியாரின் முழங்கால். லிப்டைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்வார். அதற்கு இடமும் அனுமதியும் மற்ற உரிமையாளர்களின் சம்மதமும் பணமும் வேண்டும். கீழ் வீட்டுக்காரர்கள் பங்கு கொடுக்கப் பெரும்பாலும் முன்வருவதில்லை. மாமியாரை ஒருமுறை அழைத்துச் சென்று அந்தப் படிகளில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். நடுவில் எத்தனை முறை நிற்கிறார் என்று பாருங்கள். அவரால் முடியவில்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் இந்த வீடு வேண்டாம். கோயிலும் கடைத்தெருவும் காலடியில் இருந்தும் அவர் இரண்டாம் மாடி பால்கனியிலேயே அடைந்து கிடப்பார். அதே பேட்டையில் முதல் தளத்திலோ லிப்ட் உள்ள கட்டடத்திலோ நூறு சதுர அடி குறைவாகக் கிடைத்தாலும் அதையே வாங்குங்கள்.

கேள்வி: சூளையில் புதிதாகக் கட்டவிருக்கும் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பில் 1,800 சதுர அடி வீட்டுக்கு இப்போதே 20 சதவீதம் கட்டினால் விலையில் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். ஒப்பந்தம் பிறகு போடலாமாம். நம்பலாமா?
– ஒரு வாசகர், சூளை

பதில்: கூடாது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி, பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவே கூடாது. எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்பதால் ரெரா பதிவும் கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு, ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். 1,800 என்பது கார்ப்பெட் பரப்பா என்று கேளுங்கள். சட்டம் சொல்லும் கார்ப்பெட் பரப்பில் உள் தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேரா. ஒப்பந்தத்தில் அந்த அளவைத்தான் எழுத வேண்டும். கட்டுமானத்தில் இருக்கும் இத்தகைய வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் இல்லை. தள்ளுபடியை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

கேள்வி: வேப்பேரியில் பிடித்த வீடு ஒன்று கிடைத்தது. “இங்கே எல்லாரும் சைவம், நீங்கள் மீன் சமைப்பீர்களா?” என்று சங்கச் செயலாளர் கேட்டார். வாங்கினால் யார் தடுக்க முடியும் என்கிறார் தரகர்.
– ஒரு வாசகி, இராயபுரம்

பதில்: படித்தபோது வருத்தமாக இருந்தது. இத்தனை வகை மனிதர்கள் கலந்து வாழும் வேப்பேரியில் இந்தக் கேள்வி படிக்கட்டிலேயே எழுவதை நானும் பார்த்திருக்கிறேன். தரகரின் வாய்ச்சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். சங்கத்தின் பதிவு செய்யப்பட்ட துணைவிதிகளின் நகலை வாங்கி, அதில் என்ன இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விதியில் எதுவும் இல்லையென்றாலும், அதே தளத்து வீடுகளின் கதவைத் தட்டிப் பேசிப் பாருங்கள். அடுத்த இருபது ஆண்டுகள் தினமும் அந்த முகங்களைப் பார்க்கப்போகிறவர் நீங்கள். உங்கள் வீட்டில் சன்னலைச் சாத்திக்கொண்டு மீன் குழம்பு வைக்கும் நிலை வரும் என்று தோன்றினால், இரண்டு தெரு தள்ளிப் போய்த் தேடுங்கள். அதே வேப்பேரியில், எல்லாரும் எல்லாமும் சமைக்கும் குடியிருப்புகள் நிறையவே இருக்கின்றன.